காணாப் பொருளும் நற்காட்சியும்

கண்ணால் கண்டதையே மெய்யெனக் கொள்வேன், காணாததை ஏற்கேன் என்று கூறுவோர் எக்காலத்தும் உளர். நம் இல்லங்களில் வளரும் இளந்தலைமுறையினரும் இன்று இவ்வினாவை எழுப்புகின்றனர். பள்ளியில் பயிலும் அறிவியலையும் ஜினாலயத்தில் கேட்கும் ஆகமத்தையும் அருகருகே வைத்து, இரண்டில் எதை நம்புவது என்று கேட்கின்றனர். அவ்வினாவைக் கடிந்து அடக்குவது முறையன்று. "எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர்" என்று ஒரே சொல்லில் மூடிவிடுவதும் நேர்மையாகாது. எங்கள் இல்லத்தில் எழுந்த ஒரு வினாவைக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய விழைகிறேன்.

வடித்த நீரும் மாறாத எண்ணும்

நான் திருப்பூர் வீரபாண்டியில் வாழ்பவன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்து, ஒரு சாயப்பட்டறையில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். ஊர் மாறினும் வழக்கம் மாறவில்லை. பொழுது சாயுமுன் உணவு முடித்தலும், நீரைத் துணியில் வடித்தே புழங்குதலும் எங்கள் இல்லத்தில் இன்றும் உண்டு.

ஒரு சதுர்த்தசி நாளன்று என் மனைவி ஆழ்குழாய்க் கிணற்று நீரை இரட்டையாக மடித்த துணியில் வடித்துக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்பு பயிலும் பெயர்த்தி, தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கையில் வைத்திருந்தாள். வடிக்குமுன் குடத்தில் வைத்துப் பார்த்தாள். 1,800 என்று காட்டிற்று. வடித்தபின் பார்த்தாள், அப்போதும் அதே எண். "பாட்டி, கண்ணுக்குத் தெரியாத உயிருக்காக வடிகட்டுகிறோம் என்கிறீர்கள். அதை நான் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத உப்பை இந்தக் கருவி காட்டுகிறது. ஆனால் நம் துணி அதைத் தடுக்கவில்லையே. அப்படியானால் எதை நம்புவது?" என்று கேட்டாள்.

என் மனைவி சிரித்துக்கொண்டே, "உன் தாத்தாவைக் கேள்" என்று என்பால் விடுத்தார். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

நுண்ணோக்கி கண்டது எவ்வுயிர்?

முதலில் உயிர்களைப் பற்றிய பகுதியை நோக்குவோம். ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஆன்டனி வான் லீவன்ஹூக் என்பவர் துணி வணிகராக வாழ்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர். துணியின் இழைகளை ஆராய வணிகர் பயன்படுத்திய உருப்பெருக்குக் கண்ணாடி அவர் காலத்திலேயே வழக்கில் இருந்தது. நம் பனியன் தொழிலாரிடமும் அத்தகைய கண்ணாடி இன்றும் உண்டு. லீவன்ஹூக் தம் கையாலேயே மிகச் சிறந்த வில்லைகளைத் தேய்த்து, 1674-இல் ஏரி நீரையும் பின்னர் மழைநீர், மிளகு ஊறிய நீர் முதலியவற்றையும் நோக்கினார். அவற்றில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தக் கண்டு, 1676-இல் இலண்டன் அரசக் கழகத்துக்கு விரிவாக எழுதினார். கற்றோர் பலர் ஐயுற்றனர். 1677-இல் இராபர்ட் ஹூக் அச்சோதனையைத் தாமே செய்து, பிறருக்கும் காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று.

நம் சொற்பொழிவுகளில் இச்செய்தி வரும்பொழுதெல்லாம், "ஆகமம் கூறியதை நுண்ணோக்கி மெய்ப்பித்துவிட்டது" என்று மகிழ்கிறோம். ஒரு துளி நீரில் 36,450 உயிர்கள் என்ற கணக்கும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. அன்பர்கள் இங்குச் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு துளியிலுள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை நீருக்கு நீர் வேறுபடும். கடல்நீர்த் துளியில் ஓர் எண்ணும், கிணற்று நீர்த் துளியில் ஓர் எண்ணும், கொதித்தாறிய நீரில் வேறோர் எண்ணும் இருக்கும். எனவே எல்லாத் துளிக்கும் பொருந்தும் ஒரே எண் இருத்தல் இயலாது.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. நம் ஆகமம் நீர் தொடர்பாக இருவகை உயிர்களைக் கூறுகிறது. நீருக்குள் வாழும் இயங்குயிர்கள் ஒருவகை. நீரையே தம் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் மற்றொரு வகை. இவற்றை அப்காயிக உயிர் என்பர். நுண்ணோக்கி கண்டது நீருக்குள் வாழ்பவற்றையே. நீரே உடலான உயிரை எந்தக் கருவியும் கண்டதில்லை. துணியில் வடிப்பதும் இயங்குயிர்களைக் காத்தற்கே. ஆகவே லீவன்ஹூக்கின் கண்டுபிடிப்பு நம் கொள்கை முழுவதற்கும் சான்றாகாது. அதனைச் சான்றாகக் காட்டுவோர் ஆகமத்தையும் செவ்வனே கல்லாதவர், அறிவியலையும் செவ்வனே கல்லாதவர் ஆவர்.

துணியில் வடித்தலின் பயனை அறிவியல் தன் வழியில் அறிந்ததும் உண்டு. வங்கதேசத்தின் மத்லப் வட்டார ஊர்களில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிக்குமாறு ரீட்டா கால்வெல் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் மக்களைப் பழக்கினர். காலரா நோய் 48 விழுக்காடு குறைந்ததென 2003-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. காலராக் கிருமி மிகச் சிறியது. துணியின் கண்களில் எளிதாக நுழைந்துவிடும். ஆனால் அது ஒட்டி வாழும் மிதவை உயிர்கள் துணியில் தங்கிவிடுகின்றன. அதனாலேயே நோய் குறைந்தது.

இது கேட்டு மகிழலாம். எனினும் நோக்கம் வேறென்பதை மறத்தலாகாது. அங்கே மக்கள் வடித்தது தம்மைக் காத்துக்கொள்ள. நம் முன்னோர் வடித்தது அவ்வுயிர்களைக் காக்க. ஆகவேதான் துணியில் தங்கியவற்றை எறிந்துவிடாமல், நீர் முகந்த இடத்திலேயே மெல்லச் சேர்க்கும் வழக்கம் வகுக்கப்பட்டது. நோய்த் தடுப்பு மட்டுமே நோக்கமாயின் அவ்வழக்கத்துக்கு இடமே இல்லை.

உப்பும் ஒருகாலத்தில் நம்பிக்கையே

இனி, பெயர்த்தி கையிலிருந்த கருவியைக் கருதுவோம். அக்கருவி உப்பைக் காண்பதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்பின் அளவைக் கணக்கிட்டுக் கூறுகிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிதலை நம் தருக்க நூலார் அனுமானம் என்பர். இதுவும் அத்தகைய அனுமானமே.

அந்த அனுமானத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உப்பு நீரில் கரையும்பொழுது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகிறது என்று சுவீடன் நாட்டு இளைஞர் சுவாண்டே அர்ரேனியசு 1884-இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். அத்துகள்களை அவரும் கண்டாரல்லர். கரைசல்களில் மின்சாரம் பாயும் இயல்பைக் கொண்டே உய்த்துணர்ந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தார் அவ்வேட்டுக்குத் தாழ்ந்த தரமே அளித்தனர். அதே கருத்துக்காக 1903-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கூறியதைப் பிறர் பலவாறு சோதித்தனர், அது நின்றது.

நிற்காதவையும் உண்டு. ஒளி பரவுவதற்கு ஈதர் என்னும் காணப்படாத ஊடகம் எங்கும் நிறைந்துள்ளதென்று 19-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த அறிஞர்கள் நம்பினர். 1887-இல் மைக்கேல்சன், மார்லி என்போர் செய்த சோதனையில் அதன் தடயம் கிட்டவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்றார். மறுபுறம், நியூட்ரினோ என்னும் துகள் இருத்தல் வேண்டுமென்று 1930-இல் பௌலி கூறினார். 1956-இல் அது பிடிபட்டது. 1965-இல் நம் நாட்டுக் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலும், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடயம் காணப்பட்டது. ஈதரும் நியூட்ரினோவும் ஒருகாலத்தில் காணாப் பொருள்களே. இரண்டையும் அறிஞர்கள் நம்பினர். ஒன்றைச் சோதனை தள்ளிற்று, மற்றதைக் கொண்டது. நம்பியதைத் தள்ளுவதற்கு ஆயத்தமாயிருத்தலே அறிவியலின் சிறப்பு எனலாம்.

இதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. உயிருக்கும் புற்கலத்துக்கும் இயங்கத் துணையாவது தன்மாத்திகாயம் என்பது நம் கொள்கை. நம்மவருள் சிலர் 20-ஆம் நூற்றாண்டில், "அதுவே ஈதர்" என்று பெருமையோடு எழுதினர். ஈதர் கைவிடப்பட்ட பின், அவர்தம் ஒப்பீடும் கூடவே வீழ்ந்தது. தன்மாத்திகாயத்துக்கு அதனால் குறைவில்லை. ஒப்பிட்டவரின் அவசரமே வெளிப்பட்டது. இன்று வேறு புதிய சொற்களோடு நம் தத்துவங்களை இணைத்துப் பேசுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஆறு பொருள்களுள் உருவுடையது புற்கலம் ஒன்றே. அணுவும் உப்பும் ஒளியும் புற்கலம். கருவிகள் எவ்வளவு நுட்பமாயினும் அவற்றின் எல்லை புற்கலத்தோடு முடிகிறது. உயிர் அருவப் பொருள். அதனைக் கருவியில் காணவில்லை என்பது மறுப்பாகாது, காண்போம் என்று கூறுவதும் பொருந்தாது. வினையோ புற்கலமென்றே கூறப்படுகிறது. ஆயினும் அது ஐம்பொறிக்கு எட்டாத நுண்மையுடையதென ஆகமம் உரைக்கிறது. எந்த ஆய்வுக்கூடமும் அதனைப் பிடித்ததில்லை. நாம் அதனை ஆப்தர் மொழியாலும், உயிர்களிடையே காணும் வேறுபாடுகளைக் கொண்டு உய்த்துணர்வதாலும் ஏற்கிறோம். இதனை வெளிப்படையாகக் கூறுவதில் இழுக்கொன்றும் இல்லை.

கண் காண்பதும் நேர்க்காட்சியன்று

நற்காட்சி என்பது கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் என்று பலர் கருதுகின்றனர். நம் நூல்கள் அவ்வாறு கூறவில்லை. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஐயமின்மை முதலாவது. அதே வரிசையில் மயக்கமின்மையும் ஓர் உறுப்பாக வைக்கப்பட்டுள்ளது. உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூவகை மூடங்களையும் விலக்குமாறு இரத்தின கரண்டக சிராவகாசாரம் பணிக்கிறது. அந்நூலை இயற்றிய சமந்தபத்திராசாரியாரே ஆப்த மீமாம்சையையும் இயற்றினார். தேவர்கள் வருதல், வானில் இயங்குதல் முதலிய அதிசயங்கள் மாயவித்தை செய்வோரிடத்தும் காணப்படுதலால், அவற்றைக் கொண்டு மட்டும் பெருமானைப் பெரியோனாகக் கொள்ள இயலாது என்ற கருத்தோடு அந்நூலைத் தொடங்குகிறார். பின்னர், குற்றமற்றவர் எவர், எவர் மொழி காரணத்தோடு முரண்படாதது என்று ஆராய்ந்தே ஆப்தரைத் தேர்கிறார். இறைவனையே ஆராய்ந்து ஏற்ற மரபு நம்முடையது.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஞானத்தை மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஐந்தாக வகுக்கிறது. இவற்றுள் பொறிகளாலும் மனத்தாலும் பிறக்கும் மதிஞானமும், நூலாலும் சொல்லாலும் வரும் சுருதஞானமும் பரோட்சம், அதாவது நேரல்லாத அறிவு, என்று கூறப்படுகின்றன. உயிர் துணையின்றித் தானே அறியும் ஏனைய மூன்றே பிரத்தியட்சமாம். பொறியறிவை உலக வழக்கில் பிரத்தியட்சம் என்னலாமென்று அகளங்கர் போன்ற பிற்கால ஆசிரியர்கள் இசைந்தனர். இதன்படி நோக்கினால், "கண்ணால் கண்டேன்" என்று கூறுபவரும் கண்ணென்னும் கருவியின் துணையால் அறிந்தவரே. டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டு அறிந்தவருக்கும் அவருக்கும் வேறுபாடு அளவில் உண்டு, வகையில் இல்லை. ஆகவே காண்பதில் செருக்கும், காணாததில் ஏளனமும் நமக்கு வேண்டா.

பேரேட்டில் இல்லாத பக்கம்

பெயர்த்தியின் வினாவுக்கு உடனே விடை கூற இயலாமைக்குக் காரணத்தை இப்போது கூறுகிறேன்.

பருத்திப் பின்னலாடைக்குச் சாயம் ஏற்றும்பொழுது உப்பு இன்றியமையாதது. பருத்தி இழையும் சாயமும் நீரில் ஒரே வகையான எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும். உப்பு அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழைக்குள் சேர்ப்பிக்கிறது. அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு இடுவதுண்டு. சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது. இட்ட உப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். அந்நீரின் நிறத்தை நீக்கித் தெளிவாக்கலாம். தெளிந்த பின்னும் உப்பு அதிலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

நான் பணியாற்றிய ஆண்டுகளில், சாயப்பட்டறைக்கு வந்த உப்பு மூட்டைகளின் கணக்கைப் பேரேட்டில் எழுதியவன் நானே. மூட்டைக்குக் கொடுத்த விலை, ஏற்றுகூலி, இறக்குகூலி அனைத்தும் காசு பிசகாமல் எழுதினேன். துணி வெளியே சென்ற கணக்கும் எழுதினேன். துணியோடு உப்பு செல்லவில்லை என்பதும் அறிவேன். உள்ளே வந்த உப்பு எங்கே போயிற்று என்று ஒருநாளும் கேட்டேனில்லை. அதற்குப் பேரேட்டில் பக்கம் இல்லை. மாலையில் இல்லம் திரும்பி, துணியில் வடித்த நீரைப் பருகினேன்.

அது சென்ற இடத்தை ஊரே அறியும். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலில் அது சேர்ந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சில ஆண்டுகளிலேயே பயிருக்கு உதவாத நீர் தேங்கிற்று. கிணறுகள் உவர்த்தன. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத நிலையை எய்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது; உச்சநீதிமன்றம் 2009-இல் அதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணற்ற தொழிலாளர் குடும்பங்கள் வேலையிழந்து தவித்ததை வீரபாண்டியில் கண்ணாரக் கண்டோம். பின்னரே, நுண்சவ்வுகளின் வழியாக நீரை அழுத்திப் பிரித்தும், எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்தும், நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கு வேரூன்றிற்று.

அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அர்ரேனியசு கூறி நூறாண்டுகள் கடந்துவிட்டன. உப்பு கண்ணுக்குத் தெரியாமல் நீரில் இருக்கும் என்பதை ஒவ்வொரு பட்டறையும் அறிந்திருந்தது. அளக்கும் கருவியும் இருந்தது. அவ்வறிவு மட்டும் எவர் கையையும் தடுக்கவில்லை. மறுபுறம், காணாத உயிரையும் காக்க வேண்டுமென்ற நம்பிக்கை என்னிடம் இருந்தது. நாள்தோறும் துணி மடித்து வடித்தோம். அந்நம்பிக்கையும் என் வீட்டுக் குடத்தோடு நின்றுவிட்டது. ஆற்றிலும் கிணற்றிலும் மடிந்த மீன், தவளை, புழு, பயிர் ஆகிய உயிர்களை அது எட்டவில்லை. காட்சி, ஞானம், ஒழுக்கம் மூன்றும் கூடியதே வீடுபேற்றின் நெறி என்று நாள்தோறும் ஓதுகிறோம். ஞானம் இருந்த இடத்தில் ஒழுக்கம் இல்லை; காட்சி உண்டென்று கருதிய இடத்திலும் ஒழுக்கம் பாதி வழியில் நின்றது.

இல்லறத்தான் தொழில் செய்யுங்கால் நிகழும் இம்சையை உத்தியோகி இம்சை என்று நம் நூல்கள் தனியே வைத்துள்ளன. அது முழுதும் தவிர்க்க இயலாதென்பதை உணர்ந்தே அவ்வாறு வகுத்தனர். ஆயின் குறைக்கக் கூடியதைக் குறையாது விட்டவனுக்கு அப்பெயர் புகலிடமாகாது. பயனின்றி நீரைச் சிதறுதலையும் அனர்த்த தண்டத்துள் அடக்கி விலக்கச் சொன்ன மரபு, ஓர் ஆற்றையே உவர்க்கச் செய்ததை எவ்வாறு பொறுக்கும்?

பெயர்த்திக்குக் கூறிய விடை

சில நாள் கழித்து அவளை அழைத்து இவ்வாறு கூறினேன்: "அம்மா, இரண்டையும் நம்பு, ஆனால் ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக்காதே. உன் கருவி கூறுவதைச் சோதித்து நம்பு. நாளை அது பிழையென்று தெரிந்தால் தயங்காமல் விட்டுவிடு. பாட்டி நீர் வடிப்பது, நம் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் நமக்கு அஞ்சும் உயிர் உண்டென்று கருதி நடப்பது. அது கருவியில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவ்வாறு நடப்பதால் எவ்வுயிருக்கும் தீங்கில்லை. துணி உப்பைத் தடுக்காது என்று நீ கண்டது உண்மை. அதைத் தடுக்க வேண்டிய இடம் நம் வீட்டுக் குடம் அன்று. தாத்தா பணியாற்றிய இடம். அங்கே தாத்தா கேட்காமல் விட்டார்."

அவள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இப்போது கேட்கலாமே தாத்தா" என்றாள். அதன்பின், அறிமுகமான பட்டறைக்காரர்களைக் காணும்பொழுதெல்லாம், உப்பை எவ்வாறு மீட்கிறீர்கள், மீட்க இயலாத கழிவை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டு வருகிறேன். சிலர் விளக்குகின்றனர், சிலர் பேச்சை மாற்றுகின்றனர். நம் சமூகத்தில் ஜவுளித் தொழிலிலும் வணிகத்திலும் ஈடுபட்டுள்ள அன்பர்கள் தத்தம் இடத்தில் இதே வினாவை எழுப்புவார்களாயின், அதுவும் நீர் வடிக்கும் நோன்பின் ஒரு பகுதியே ஆகும். நம் பிள்ளைகள் வினவும்பொழுது, ஆகமத்துக்கு அறிவியல் நற்சான்று தேடி அலைய வேண்டா. காணாப் பொருளை ஏற்றதனால் நம் நடையில் என்ன மாறிற்று என்பதை அவர்களுக்குக் காட்டுவோம். காட்ட இயலாதபொழுது அதையும் ஒளியாது ஒப்புவோம்.

அருகன் அறம் வாழ்க! எல்லா உயிரும் இன்புறுக!